கோட்டைக் கதவு யாருக்குத் திறந்தது?

ஹாரி பாட்டர் முதல் படம் பார்த்திருப்பீர்கள். துடைப்பக் கட்டையில் ஏறிப் பறக்கச் சொல்லித் தருவார்களே, அந்தப் புல்வெளி ஞாபகம் இருக்கிறதா? அது செட் இல்லை பாஸ்! இங்கிலாந்தின் வடக்கே நார்த்தம்பர்லேண்டில் இருக்கும் ஆனிக் கோட்டை. 2001-ல் வந்த படத்துக்காகக் கேமராவோடு போனார்கள். கோட்டை அங்கே ஒன்பது நூற்றாண்டாக நிற்கிறது.

ஐரோப்பியக் கோட்டை என்றதும் நம் மனசில் என்ன ஓடும்? உச்சியில் கொடி, ஜன்னலில் கூந்தலைத் தொங்கவிட்ட இளவரசி, கீழே வெள்ளைக் குதிரையில் ஹீரோ. கொஞ்சம் சீரியஸாக யோசிக்கிறவர்கள், "எதிரி வந்தா ஊர் ஜனங்களை உள்ளே வச்சுக் காப்பாத்தறதுக்குக் கட்டினது" என்பார்கள். ஸ்கூலில் படித்தபோது நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பாதிதான் சரி. உள்ளே இருப்பவரைக் காப்பாற்றத்தான் கோட்டை. ஆனால் உள்ளே யார், வெளியே யார்? அதைக் கேட்க ஆரம்பித்தால் கதை வேறு மாதிரி போகிறது.

மண்ணைக் கொட்டு, மரத்தை நடு!

1066-ல் பிரான்சின் வடகரையில் இருந்த நார்மண்டியின் பிரபு வில்லியம், கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்தார். ஹேஸ்டிங்ஸ் என்ற இடத்தில் சண்டை, அங்கிருந்த ராஜா ஹெரால்ட் காலி. சரி, ஜெயித்தாயிற்று. அடுத்து? வில்லியமோடு வந்தவர்கள் சில ஆயிரம் பேர். ஜெயித்த நாட்டில் இருந்தவர்களோ பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களுடைய பாஷை வேறு, கோபம் வேறு. ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடியுமா?

அதற்கு நார்மன்கள் கண்ட வழி ரொம்ப சிம்பிள். ஆட்களைப் பிடித்து வந்து பள்ளம் தோண்டு. தோண்டிய மண்ணை நடுவில் கொட்டிக் குன்று மாதிரி உயர்த்து. உச்சியில் மரத்தால் ஒரு கோபுரம். அடிவாரத்தில் மரவேலி போட்ட ஒரு வளாகம். குதிரை லாயம், சமையற்கட்டு, பட்டறை எல்லாம் அதற்குள். மண்மேட்டுக்குப் பெயர் 'மோட்', வளாகத்துக்குப் பெயர் 'பெய்லி'. ஆள் பலம் இருந்தால் மாதக்கணக்கில் இழுக்காது. 1069-ல் யார்க் நகரத்தின் இரண்டாவது கோட்டையை எட்டே நாளில் எழுப்பினார்கள் என்று அந்தக் காலத்துக் குறிப்பு ஒன்று சொல்கிறது.

இந்த வேலையைப் படமாகவே பார்க்கலாம். பாயோ திரைச்சீலை என்று ஒன்று இருக்கிறது. கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளத் துணியில் ஊசியும் கம்பளி நூலுமாக 1066 சண்டையை முழுசாகத் தைத்து வைத்திருக்கிறார்கள். அதில் ஹேஸ்டிங்ஸ் மண்மேடு கட்டும் காட்சியும் வருகிறது. மண்வெட்டியோடு நிற்கும் ஆட்களில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு மண்வெட்டியாலேயே ஒருத்தரை ஒருத்தர் போட்டுத் தாக்கிக்கொண்டிருக்கிறார்கள். சைட்டில் நடந்த தகராறோ, தைத்தவரின் குறும்போ!

மேடு கட்ட இடம் வேண்டுமே? ஊருக்கு வெளியே கட்டினால் ஊரை எப்படி மிரட்டுவது? அதனால் ஊருக்கு நடுவிலேயே கட்டினார்கள். 1086-ல் வில்லியம் நாட்டின் சொத்துபத்து முழுக்கக் கணக்கெடுத்தார். 'டூம்ஸ்டே புத்தகம்' என்று அதற்குப் பேர். அதில் லிங்கன் நகரத்துப் பக்கத்தில் ஒரு வரி வருகிறது: கோட்டைக்காக அழிந்த வீடுகள் 166. அந்த வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அந்த வரி சொல்லவில்லை. வரி வசூல் குறைந்ததற்குக் காரணம் காட்டத்தான் அந்த எண்ணை எழுதியிருக்கிறார்கள்.

நாற்பது பன்றி பார்சல்

மரக் கோபுரத்துக்கு இரண்டு எதிரிகள்... நெருப்பும் மழையும். அதனால் வசதி வந்ததும் கல்லுக்கு மாறினார்கள். லண்டன் டவரில் இருக்கும் 'வெள்ளைக் கோபுரம்' 1070-களில் தொடங்கியது. அதற்கு நல்ல கல் நார்மண்டியின் கான் நகரத்திலிருந்து கப்பலில் வந்தது. 27 மீட்டர் உயரம். குடிசையும் மரவீடுமாக இருந்த லண்டன்வாசி தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்த்தாக வேண்டும். அதைவிடப் பெரிய பேனர் வேறென்ன வேண்டும்?

கல் கோட்டையைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ராச்செஸ்டர் கதையைச் சொல்லலாம். லண்டனுக்குத் தென்கிழக்கே, மெட்வே ஆற்றங்கரையில் இருக்கிறது. 1127-ல் தொடங்கிய சதுரக் கோபுரம். சுவர்கள் மட்டுமே 34 மீட்டர் உயரம். கோபுரத்தின் நடுவே ஒரு குறுக்குச் சுவர், அந்தச் சுவருக்குள்ளேயே கிணறு. எந்த மாடியில் இருந்தாலும் வாளியை இறக்கித் தண்ணீர் இழுத்துக்கொள்ளலாம். நம்ம அபார்ட்மென்ட்களில்கூட இந்த வசதி இல்லை!

1215 ஜூனில் இங்கிலாந்து ராஜா ஜான் மேக்னா கார்ட்டாவுக்குச் சம்மதித்தார் என்று ஹிஸ்டரியில் படித்திருப்பீர்கள். சம்மதித்த சில மாதத்திலேயே மனசு மாறிவிட்டது. அவருக்கு எதிராகக் கிளம்பிய பிரபுக்களின் ஆட்கள் ராச்செஸ்டரைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். அக்டோபரில் ஜான் வந்து சுற்றி வளைத்தார். கல்லெறியும் பொறிகளால் அடித்துப் பார்த்தார், பிரயோஜனம் இல்லை. கடைசியில் கோபுரத்தின் தென்மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டச் சொன்னார்.

இங்கே ஒரு டெக்னிக் இருக்கிறது. தோண்டத் தோண்ட மேலே இருக்கும் சுவர் தலையில் விழாமல் இருக்க மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்துக்கொண்டே போவார்கள். கடைசியில் அந்தக் கட்டைகளுக்கு நெருப்பு வைத்தால் முட்டு எரிந்துவிடும், சுவர் உட்காரும். நவம்பர் 25-ம் தேதி ஜான் அவசரமாக ஓர் உத்தரவு அனுப்பினார்: நல்லாக் கொழுத்த, சாப்பிட லாயக்கில்லாத பன்றிகள் 40 உடனே அனுப்பவும்! விருந்துக்கு இல்லை. பன்றிக் கொழுப்பை ஊற்றித்தான் அந்தக் கட்டைகளைப் பற்றவைத்தார்கள். கோபுரத்தின் ஒரு மூலையே சரிந்தது.

அப்போதும் உள்ளே இருந்தவர்கள் விடவில்லை. நான் சொன்னேனே அந்தக் குறுக்குச் சுவர், அதற்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு சண்டை போட்டார்கள். தின்ன எதுவும் இல்லாமல் குதிரைகளைத் தின்றார்கள். சண்டை போட முடியாதவர்களை வெளியே அனுப்பினார்கள். அவர்களில் சிலரின் கை கால்களை ஜானின் ஆட்கள் வெட்டினார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். நவம்பர் 30-ல் சரணடைந்தார்கள். ஏழு வாரம்!

இன்றைக்கு அந்தக் கோபுரத்தைப் பார்த்தால் மூன்று மூலைகள் சதுரம், ஒன்று மட்டும் உருண்டை. இடிந்த மூலையை அடுத்த ராஜாவின் காலத்தில் திரும்பக் கட்டியபோது வட்டமாகக் கட்டிவிட்டார்கள். சதுர மூலையைவிட வட்டச் சுவரைப் பெயர்ப்பது கஷ்டம் என்பதை அதற்குள் எல்லோரும் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே எப்படி இருக்கும்?

சினிமா மாதிரி இருக்காது. சமாதானக் காலத்தில் கோட்டை ஒரு கலெக்டர் ஆபீஸ் மாதிரி. அங்கேதான் வரி கட்ட வேண்டும், அங்கேதான் வழக்கு நடக்கும், தீர்ப்பு வந்தால் அங்கேயே அடைப்பார்கள். கஜானா, தானியக் கிடங்கு, ஆயுதக் கிடங்கு, பிரபுவின் குடும்பம் எல்லாம் ஒரே காம்பவுண்டில். பிரபுவுக்கு நாலைந்து கோட்டை இருந்தால் அவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருப்பார். அவர் இல்லாதபோது பெரிய கோட்டையில்கூட விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான்.

பெரிய ஹாலில் எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. வேலைக்காரர்கள் ராத்திரி அங்கேயே படுக்கை. சுவர் கனம் மூன்று மீட்டருக்கு மேல் போனால் வெளிச்சம் எங்கிருந்து வரும்? ஜன்னலுக்குக் கண்ணாடி வைக்கப் பெரும் பணக்காரர்களால்தான் முடியும். டாய்லெட் சமாசாரம் கேட்காமல் விடமாட்டீர்களே... சுவரிலிருந்து வெளியே நீட்டிய சின்ன அறை, உட்காரக் கல்லில் ஓட்டை. கீழே அகழியோ குழியோ. அகழியில் முதலை விட்டிருப்பார்கள் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். முதலையே தேவைப்பட்டிருக்காது!

இன்னும் இரண்டு கதைகளை உடைத்துவிடுகிறேன். கோட்டை மேலிருந்து கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவார்கள் என்பது ஒன்று. எண்ணெய் அப்போது கொள்ளை விலை. பெரும்பாலும் கல், கொதிக்கிற தண்ணீர், சூடான மணல், இவைதான் கீழே விழுந்தன. சூடான மணல் இரும்புக் கவசத்தின் இடுக்கில் புகுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது, மாடிப்படி வலப்பக்கமாகச் சுழன்று ஏறுவது மேலே இருப்பவர் வலக்கையில் வாள் வீச வசதியாக இருக்கத்தான் என்று நிறைய புத்தகத்தில் இருக்கும். இடப்பக்கம் சுழலும் படிகளும் நிறைய இருக்கின்றன. படிக்கட்டு வரை எதிரி வந்துவிட்டான் என்றால் ஆட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் பலர் அந்தக் கதையை ஏற்பதில்லை.

ரெண்டு பக்கமும் இல்லாத ஜனங்கள்

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். எதிரி வந்தால் ஊர் ஜனங்களை உள்ளே விடுவார்களா?

பிரான்சில் செய்ன் நதி வளையும் ஓர் இடத்தில், சுண்ணாம்புப் பாறை உச்சியில், ஷாட்டோ கையார் என்ற கோட்டை இருக்கிறது. 'சிங்கநெஞ்சன்' என்று பெயர் வாங்கிய இங்கிலாந்து ராஜா ரிச்சர்ட் கட்டியது. நார்மண்டியும் அப்போது அவர் கையில்தான் இருந்தது. 1196-ல் தொடங்கி 1198-க்குள் முடித்துவிட்டார். அந்தக் காலத்துக்கு அது ராக்கெட் வேகம். அடுத்த வருஷமே வேறோர் இடத்தில் அம்பு பட்டு அவர் செத்துப்போனார். தம்பி ஜான் ராஜா ஆனார். ஆமாம், அதே பன்றி ஜான்தான்.

1203-ல் பிரெஞ்சு ராஜா பிலிப் படையோடு வந்தார். பாறைக்குக் கீழே ஆற்றங்கரையில் பெத்தி ஆன்டெலி என்ற ஊர். அந்த ஊர் ஜனங்கள் பயந்துபோய் மேலே ஓடினார்கள். கோட்டைத் தளபதி ரோஜர் டி லேசி கதவைத் திறந்துவிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே வந்தார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள்.

பிலிப்புக்கு அவசரமே இல்லை. கோட்டையைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, காவல் போட்டுவிட்டு உட்கார்ந்தார். உள்ளே இருக்கும் தானியத்தை டி லேசி கணக்குப் போட்டுப் பார்த்தார். சிப்பாய்களுக்கு மட்டும் என்றால் நீண்ட நாள் வரும்; ஊருக்கே என்றால் வராது. உதவிக்கு வரும் படை எப்போது வரும், வருமா என்பதும் தெரியாது. அவர் ஜனங்களை வெளியே அனுப்ப ஆரம்பித்தார்.

முதலில் ஐந்நூறு பேர் போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பாவம் பார்த்து வழிவிட்டார்கள். இன்னும் ஒரு கூட்டமும் அப்படியே தப்பித்தது. விஷயம் பிலிப் காதுக்குப் போனது. ஜனங்கள் உள்ளேயே இருந்தால்தானே சீக்கிரம் தானியம் தீரும்? இனி ஒருத்தரையும் விடக்கூடாது என்று உத்தரவு. கடைசிக் கூட்டம் வெளியே வந்தபோது எதிரே அம்பு பறந்தது. திரும்பிக் கோட்டைக்கு ஓடினார்கள். இதுவரை இடம் கொடுத்த கதவு சாத்தியிருந்தது.

நானூறு பேருக்குக் குறையாது. கோட்டைச் சுவருக்கும் பிரெஞ்சுப் பள்ளத்துக்கும் நடுவில், வெறும் பாறைச் சரிவில், குளிர்காலம் முழுக்க. புல்லைத் தின்றார்கள், கிடைத்ததைத் தின்றார்கள். மேலே இருந்தவர்கள் தினமும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே இருந்தவர்களும்தான். ஒருவரும் அவர்களை எதிரி என்று சொல்லவில்லை. இரண்டு பக்கத்துக்கும் அவர்கள் சோறு தின்கிற வாய், அவ்வளவுதான். கிட்டத்தட்டப் பாதிப் பேர் செத்தார்கள். கடைசியில் பிலிப் நேரில் வந்தபோது மிச்சம் இருந்தவர்கள் கதறியதைக் கேட்டுச் சாப்பாடு போட்டு வெளியேற்றச் சொன்னார். அத்தனை நாள் பட்டினிக்குப் பிறகு சாப்பிட்டதே சிலரைக் கொன்றது.

1204 மார்ச் 6-ல் கோட்டை விழுந்தது. உள்ளே புகுந்த விதம்தான் டூரிஸ்ட் கைடுகளுக்குப் பிடித்த பகுதி: ஒரு சிப்பாய் டாய்லெட் குழாய் வழியாக ஏறினான் என்பார்கள். ஜான் கட்டிய சர்ச் அறையின் ஜன்னல் வழியாக என்பதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. டி லேசியை எதிரிகளே மரியாதையாக நடத்தினார்கள். அந்தச் சரிவில் செத்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

கடன் சொன்ன ராஜா

இன்னும் எண்பது வருஷம் தள்ளி, வேல்ஸுக்கு வாருங்கள். 1282-ல் வேல்ஸ் இளவரசர் லவெலின் கொல்லப்பட்ட பிறகு, இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் அந்த மலைநாட்டைச் சுற்றிக் கோட்டைகளாகக் கட்டித் தள்ளினார். கான்வி, கார்னார்வன், ஹார்லெக், பொமாரிஸ்... 1986 முதல் நாலும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னம். கட்டடக் கலையில் இவற்றை மிஞ்ச ஆளில்லை என்பது என் கருத்து. ஆனால் கான்வி நிற்கும் இடத்தில் முதலில் இருந்தது ஒரு மடம். லவெலினின் தாத்தாவை அடக்கம் செய்த இடம். மடத்தையே வேறு ஊருக்குத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் அஸ்திவாரம் தோண்டினார்கள். கோட்டையோடு சேர்த்து மதில் போட்ட புது ஊர் ஒன்று. அதில் குடியேறியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள்.

பொமாரிஸுக்காக லான்வைஸ் என்ற துறைமுக ஊரையே காலி செய்து, ஜனங்களைத் தீவின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். அந்த ஊருக்குப் பெயரே நியூபரோ, அதாவது 'புது ஊர்'.

கட்டியது யார்? பிளான் போட்டவர் சவாய் நாட்டிலிருந்து வந்த மேஸ்திரி, செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ். 1296-ல் அவர் கஜானாவுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. சைட்டில் கொத்தனார் 400, சிற்றாள் 2,000, கல் உடைப்பவர் 200, கொல்லர் 30, வண்டிகள் 160, படகு 30 என்று கணக்குச் சொல்கிறார். வாரத்துக்கு 250 பவுண்டு செலவு. அதோடு இன்னொன்றும் சொல்கிறார்: ஆட்களுக்குச் சம்பளப் பாக்கி ஏகப்பட்டது, சாப்பிட வழியில்லாததால் அவர்களை நிறுத்தி வைப்பதே பெரும்பாடு. பணம் வரவில்லை. ராஜாவுக்கு அதற்குள் ஸ்காட்லாந்தில் வேறு சண்டை. பொமாரிஸ் சுவர்கள் பிளானில் இருந்த உயரத்தை எட்டவே இல்லை. இன்றும் அப்படியே நிற்கிறது.

இவ்வளவு செலவழித்தது வீணா? சும்மா சொல்லக்கூடாது, வேலை செய்தன. 1294-ல் வேல்ஸ் முழுக்கக் கலகம் வெடித்தபோது ஹார்லெக்கை நாற்பது பேருக்கும் குறைவானவர்கள் காப்பாற்றினார்கள். பாறை அடிவாரம்வரை 108 படிகள் இறங்குகின்றன. கடல் அப்போது அங்கேவரை வந்ததால் சாப்பாடு கப்பலில் வந்து சேர்ந்தது. அதே கலகத்தில் பாதி கட்டிய கார்னார்வன் விழுந்தது.

கான்வி விழுந்த கதைதான் சூப்பர். 1401 ஏப்ரல் 1, புனித வெள்ளி. காவல்படை மொத்தமும் ஊருக்குள் சர்ச்சுக்குப் போய்விட்டது. வாசலில் இரண்டே இரண்டு பேர். ஒரு தச்சர் வந்தார், வழக்கமான வேலைக்கு வந்திருக்கிறேன் என்றார். திறந்தார்கள். பின்னாலேயே ரீஸ், குவிலிம் என்ற வேல்ஸ் சகோதரர்களும் அவர்கள் ஆட்களும் உள்ளே! எட்டு கோபுரம், 15,000 பவுண்டு செலவு... காவலுக்கு நின்ற இரண்டு பேரை ஒரு தச்சர் பேசியே கவிழ்த்துவிட்டார். கோட்டை சில மாதம் அவர்கள் கையில் இருந்தது.

பிறகு பீரங்கி வந்தது. உயரமான மெல்லிய சுவர் நல்ல இலக்காகிவிட்டது. புதிய கோட்டைகள் தாழ்வாக, அகலமாக, மண் நிரப்பிய மதிலோடு, சிப்பாய்கள் மட்டும் தங்கும் இடமாக மாறின. பிரபுக்கள் பெரிய ஜன்னல் வைத்த பங்களாக்களுக்குக் குடிபோனார்கள். இங்கிலாந்தில் 1640-களின் உள்நாட்டுப் போரில் பழைய கோட்டைகளுக்குக் கடைசியாக ஒரு வேலை வந்தது. அது முடிந்ததும், இனி யாரும் உள்ளே உட்காரக்கூடாது என்று பலவற்றை வெடிமருந்து வைத்து உடைத்தார்கள். படங்களில் பாதி இடிந்த கோட்டை பார்க்கிறீர்களே, அதில் நிறைய இப்படி வேண்டுமென்றே இடித்ததுதான்.

இதையெல்லாம் கையால் எப்படிக் கட்டினார்கள் என்று சந்தேகமா? பிரான்சின் பர்கண்டி பகுதியில் கெடெலான் என்ற இடத்தில் 1997-ல் ஒரு கோட்டையைப் புதுசாகவே கட்ட ஆரம்பித்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு முறைகளில். கிரேன் என்பது ஆள் உள்ளே நடந்து சுற்றும் ஒரு பெரிய மரச் சக்கரம். கல் அங்கேயே உடைக்கிறார்கள், ஆணி அங்கேயே அடிக்கிறார்கள், மரம் பக்கத்துக் காட்டிலிருந்து. 2019-ல் பாரிஸ் நாட்ர டாம் தேவாலயத்தின் கூரை எரிந்த பிறகு, கோடாலியால் உத்தரம் செதுக்கத் தெரிந்த தச்சர்களைத் தேடியபோது கெடெலானில் பழகியவர்களும் அந்த வேலைக்குப் போனார்கள். கெடெலானில் வாசல் கதவு வழியாக இப்போது யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். டிக்கெட் மட்டும் எடுக்க வேண்டும்.